தங்கச்சிக்கு பி.எஸ்சி. வேதியியலா, விலங்கியலா?

உசிலை அண்ணன்:
தங்கச்சி அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பயாலஜி குரூப். நீட்டில் மார்க் எட்டவில்லை, இன்னொரு வருஷம் உட்கார அவளுக்கே மனசில்லை. மதுரைக் கல்லூரிகளில் வேதியியல், விலங்கியல் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டாச்சு. அவளுக்கு விலங்கியல்தான் இஷ்டம். மாமாவோ "தவளை அறுக்கிறதுக்கு மூணு வருஷமா?" என்கிறார். வகுப்பு முழுக்க இங்கிலீஷில் நடக்கும் என்பதும் பயமாக இருக்கிறது. படித்தவர்கள் சொல்லுங்கள்.

பியூரெட் அக்கா:
நான் வேதியியல் படித்தவள். பிராக்டிகலில் பொறுமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. டைட்ரேஷன் என்கிற சோதனையில், பியூரெட் எனும் அளவுக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போய், லேசான ரோஸ் வந்து நின்றதும் பியூரெட்டை மூடணும், ஒரு சொட்டு கூடினால் கலர் பளிச்சென்று ஏறிவிடும், மறுபடி முதலில் இருந்து. ரீடிங் ஒத்துப்போகும் வரை இதேதான், எனக்கு அது பிடித்திருந்தது, பக்கத்து டேபிள்காரிக்கு அழுகை வரும். இங்கிலீஷுக்கு ஒரு வழி: பிளஸ் டூ புத்தகத்தின் இங்கிலீஷ் பதிப்பு பாடநூல் கழகத்தில் கிடைக்கும், தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து லீவிலேயே படிக்கச் சொல்லுங்கள். பாடம் அதேதான், பெயர்கள்தான் புதுசு.

மேலூர் வாத்தியார்:
தவளை அறுப்பதை 2014-லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்தச் சொல்லிவிட்டது, மாமாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி. விலங்கியலுக்கு மதுரை நல்ல ஊர். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அந்தப் பாறைகளில் லகர் வல்லூறு இருக்கிறது. உசிலம்பட்டி பஸ் தாண்டிப் போகிற காமராசர் பல்கலைக்கழகத்தில் கீழடி பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழி எலும்புகளை வைத்து டி.என்.ஏ. ஆய்வு நடந்தது. அதுவும் இந்தப் படிப்பு போகிற வழிதான். ஆனால் ஒன்று, டிகிரி முடித்து ஐஐடியில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் வேதியியலுக்குத் தனித் தாள் உண்டு, விலங்கியலுக்குக் கிடையாது. பயோடெக்னாலஜி தாள்தான் எழுதணும், அதற்குக் கெமிஸ்ட்ரியும் தெரிந்திருக்கணும். அதனால் அல்லைடு பாடம், அதாவது மேஜரோடு (முக்கியப் பாடத்தோடு) சேர்த்துப் படிக்கிற துணைப் பாடம், வேதியியலா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

உசிலை அண்ணன்:
நன்றி சார், அல்லைடு விஷயம் எங்களுக்குத் தோணவே இல்லை. டீச்சர் வேலைக்கு?

மேலூர் வாத்தியார்:
எந்த மேஜரானாலும் பி.எட். முடிக்கணும். மேல்நிலை வகுப்புக்கு எம்.எஸ்சி.யும் வேண்டும், அதையும் அதே பாடத்தில் படிப்பது நல்லது. நடுவில் மேஜரை மாற்றினால் பின்னால் தகுதிச் சிக்கல் வரும்.

பியூரெட் அக்கா:
ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரி மூலமாகத்தான் பதிவு, பேங்க் கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள். அப்புறம் லேப் கோட், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ் என்று முதல் மாதமே கை கடிக்கும், ரெக்கார்டு நோட்டை சீனியர் யாரிடமும் வாங்கி காப்பி அடிக்க வேண்டாம், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவாள்.