1873ல கொடியில விட்டுக்குடுத்திருந்தா பிரான்ஸ்ல இப்பவும் ராசா இரிப்பாரா?

படுவான்கரையான்:
நேத்து ராவு கரண்ட் இல்ல, வாசல்ல பாய விரிச்சிப் படுத்துக்கிட்டு பாரிஸ்ல லா சப்பல் பக்கம் இரிக்கிற மச்சானோட போன்ல ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். 1789 புரட்சியோட அங்க ராசா கத முடிஞ்சிட்டாம். எங்க முடிஞ்ச? 1871 எலக்சன்ல வெண்டு சபைக்கு வந்த ஆக்கள்ள கூடினவங்க ராசா பக்கம், 1873ல பழைய ராச குடும்பத்து வாரிசு ஷம்போர் பிரபுவுக்கு முடிசூட்ட எல்லாம் ரெடி, அந்தாள் மூவர்ணக் கொடி வேணாம் அப்பப்பா காலத்து வெள்ளக் கொடிதான் வேணுமெண்டு ஒத்தக் கால்ல நிண்டு கெடுத்துப்போட்டார். மறுகா 1875ல குடியரசெண்ட சொல்லு சட்டத்துக்குள்ள வந்ததே 353க்கு 352, ஒரேயொரு வோட்டு! சரி, அவர் கொடிக்கு ஓமெண்டிருந்தா, அதுக்குப் பிறகு சனத்துக்கிட்ட ‘ராசா வேணுமா வேணாமா’ எண்டு வோட்டுக் கேட்டிருந்தா, எத்தின வோட்டுக்குத் தாங்கியிருப்பார்?

கல்லடிப்பாலம்:
அவருக்குப் புள்ள இல்ல, 1883ல செத்தும் போனார். அடுத்தது ராச குடும்பத்து மத்தக் கிளையில வந்த பழைய ராசா லூயி பிலிப்புட பேரன்தான், அந்த ரெண்டு கிளைக்கும் ஆகாது. எங்கட கோயில்ல வண்ணக்கர் (கோயில் தர்மகர்த்தா) பதவி எந்தக் குடிக்கெண்டு வாற இழுபறிதான், பாத்தவங்களுக்கு விளங்கும். அதோட வோட்டுல வெண்டா ராசா தப்பினாரெண்டு ஆர் சொன்ன? 1870 மே மாதம் பிரான்ஸ் பேரரசர் மூண்டாம் நெப்போலியன் கேட்ட வோட்டுல ஓமெண்டது 73 இலட்சம், வேணாமெண்டது 15 இலட்சம். செப்டெம்பர் 4 குடியரசு அறிவிச்சாச்சி, நடுவுல ஜெர்மன்காரனோட சண்டை தோத்ததுதான் காரணம்.

கல்முனைக்காரன்:
அதான் பொயின்ட், ஹிட்லர் பிரான்சப் புடிச்ச 1940ல அந்த ராசா எங்க நிண்டிருப்பார் எண்டு பாருங்க. நோர்வேல 1905ல சனமே வோட்டுப் போட்டு எடுத்த ராசா, ஹிட்லர்ட ஆக்களுக்குத் தலையாட்டாம லண்டனுக்குப் போனார், அந்தக் குடும்பம் இன்னமும் இரிக்கி. பெல்ஜியம் ராசா சரணடைஞ்சி நாட்டுக்குள்ளயே இரிந்தார், 1950 வோட்டுல 57 வீதத்துக்கு மேல வெண்டும் வேல இல்ல, வடக்கால ஓம் தெக்கால இல்லயெண்டு பிரிஞ்சி வேலைநிறுத்தம் அடிதடியாகி மகனுக்கு விட்டுக்குடுக்க வேண்டியதாப் போச்சி. இத்தாலி ராசா முசோலினியோட ஒட்டிக்கிட்டு இரிந்திட்டு கடைசி நேரத்துல மகன வெச்சிப் பாத்தார், 1946ல 54 வீதம் குடியரசுக்கு. அந்த வோட்டுத் தாள்ல ரெண்டு படம், ஒண்டு பொம்பளத் தல, மத்தது முடி வெச்ச கேடயம். 1982 சர்வசன வாக்கெடுப்புல இஞ்ச இலங்கைல விளக்கு குடம் வெச்ச மாதிரித்தான். பிரான்ஸ் ராசா, ஹிட்லரோட ஒத்துப்போன மார்ஷல் பெத்தானோட இரிந்திருந்தா 1946ல பெட்டியக் கட்ட வேண்டியதுதான்.

தேன்நாட்டு டீச்சர்:
பிரான்ஸ எடுத்தா எல்லாரும் ஆம்பிளைகள்ற வோட்டத்தான் எண்ணுறீங்க தம்பிமாரே. பிரான்ஸ்ல பொம்பளைகளுக்கு வோட்டுக் குடுக்க 1919ல கீழ்ச்சபை ஓமெண்ட, 1922ல செனட் மறிச்ச. ஏன்? இவளுகள் பாதிரிமார்ட சொல்லக் கேட்டுப் போட்டிருவாளுகளெண்டு குடியரசுக்காரருக்குப் பயம். அப்ப ராசா ஒருத்தர் இரிந்திருந்தா அவருக்கு அது லாபம்தானே, அவர் கெதியாவே குடுத்திருப்பார் எண்டுதான் நான் நினைக்கிற. உண்மையில அங்க பொம்பளைகள் முதல்முதலா வோட்டுப் போட்டது 1945ல. இஞ்ச 1931லயே வந்திட்டு, எங்கட பூட்டிக்குக் கையெழுத்து வெக்கத் தெரியாது, வோட்டு இரிந்த.

படுவான்கரையான்:
டீச்சர் சொன்னத நான் யோசிக்கவே இல்ல. அப்ப 1920கள்ள ஒரு வோட்ட ராசா லேசா வெண்டிருப்பார், கல்முனைக்காரன் சொல்ற 1940லதான் மாட்டு. மச்சானுக்கு அந்த 353-352ஐ அனுப்பிட்டன். நீல டிக் விழுந்து ரெண்டு மணித்தியாலமாச்சி, சத்தமில்ல.