ஸோஜோஜி பனிக்காட்சி: எந்தக் காலத்து அச்சு? உதவி தேவை

வணக்கம். ஜப்பானிய மரக்கட்டை அச்சுகள் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

கவாசே ஹாசுய் 1925இல் உருவாக்கிய 'ஷிபாவின் ஸோஜோஜி' ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டோக்கியோவிலுள்ள அந்தக் கோயிலின் சிவப்பு வாசல், சாய்வாக அடிக்கும் பனி, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போகும் ஒரு பெண். வெள்ளை மை பூசாமல், தாளை அப்படியே விட்டே தரையில் பனியைக் கொண்டுவந்திருக்கிறார்கள்! அதில்தான் நான் விழுந்தேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஆஃப்செட் (இயந்திர அச்சு) புள்ளிகள் இல்லை. பின்பக்கம் சாயம் ஊறியிருக்கிறது, பாரென் (தாளைக் கட்டைமேல் வைத்துக் கையால் தேய்க்கும் வட்டத் தட்டு) தேய்த்த தடமும் தெரிகிறது. சரி, மரக்கட்டை அச்சுதான். ஆனால் எப்போது அடித்தது? பதிப்பாளர் வாதானாபேயின் நிறுவனம் ஹாசுய் 1957இல் மறைந்த பிறகும் அவர் படங்களை அச்சிட்டு வந்ததே. ஓரத்தில் சிறிய வட்ட முத்திரை ஒன்று இருக்கிறது. அதன் அளவை வைத்துக் காலத்தைச் சொல்லலாம் என்கிறார்கள். அதை மட்டும் நம்பலாமா? தாளிலும் சிவப்பிலும் வேறென்ன பார்க்க வேண்டும்?

அப்புறம், பிற்கால அச்சு என்றாலும் வாங்குவேன், விலைதான் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். முத்திரையின் படத்தைக் கமெண்டில் போடுகிறேன்.