ஆட்டம் என்270 நெட்புக்கில் டெபியன் 13 தொடங்கவே மறுக்கிறது; வேறு எந்த லினக்ஸ் ஏறும்?

கரிசல்மண்:
வணக்கம். 2009-இல் வாங்கிய 10 அங்குல நெட்புக் ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1024×600 திரை. விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்தது. அதை நீக்கிவிட்டு லினக்ஸ் போடலாம் என்று டெபியன் 13-ஐப் பென்டிரைவில் எழுதிச் செருகினேன். நிறுவும் பட்டியல் வருகிறது. அதில் எதைத் தேர்ந்தாலும் கறுப்புத் திரையில் ஒரே செய்தி: இந்தக் கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) எக்ஸ்86-64 செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686. அதோடு நின்றுவிடுகிறது. பென்டிரைவை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். அச்சகத்துக்கும் பேருந்துக்கும் தூக்கிச் செல்ல ஒரு சின்ன இயந்திரம் வேண்டும். தமிழில் தட்டச்சு, லிப்ரே ஆபிஸ், மின்னஞ்சல், அவ்வளவுதான் தேவை. எந்த லினக்ஸ் இதில் ஓடும்?

ஆலமரத்தடி:
பென்டிரைவில் குறை ஒன்றும் இல்லை. என்270 முழுக்க 32 பிட் செயலி. 2008-இல் வந்தது, 1.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர், வெறும் 2.5 வாட். நீங்கள் எழுதியது 64 பிட் கோப்பு. செய்தி சொல்வதும் அதைத்தான்.

32 பிட் டெபியன் 13-ஐத் தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள், அப்படி ஒன்று கிடைக்காது. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான கெர்னலும் இல்லை, நிறுவும் கோப்பும் இல்லை. 32 பிட் தொகுப்புகள் இருப்பது, 64 பிட் கணினியில் பழைய மென்பொருளை ஓட்டுவதற்காக மட்டுமே. உபுண்டு இந்தக் கதவை 2017-இலேயே மூடத் தொடங்கிவிட்டது.

உங்களுக்கு நான் சொல்வது ஆன்டிஎக்ஸ் 23, 32 பிட் பதிப்பு. டெபியன் 12-இன் மீது கட்டப்பட்டது, கணினியைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் இல்லாதது. ஃபுல், பேஸ், கோர், நெட் என்று நான்கு வகை கிடைக்கும். ஃபுல் எடுங்கள், லிப்ரே ஆபிஸ் அதிலேயே இருக்கிறது. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றும் வேலை செய்தால் நிறுவலாம். கடவுச்சொல் கேட்டால் டெமோ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுங்கள்.

தெற்குவாசல்:
மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 64 பிட் செயலியும் 4 ஜிபி ராமும் உள்ள பழைய அலுவலக மடிக்கணினிகள் மலிவாகக் கிடைக்கும் காலம் இது. என்270-ஐக் கட்டி அழுவதில் என்ன லாபம்? இன்றைய இணையதளம் ஒன்றைத் திறந்தாலே 1 ஜிபி நிரம்பிவிடும். மொசில்லாவும் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 144-தான் கடைசி. நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140-க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரை திருத்தங்கள் வரும் என்றார்கள். குரோம் 2016-இலேயே விடைபெற்றுவிட்டது. உலாவி இல்லாத கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

கரிசல்மண்:
தெற்குவாசல், நீங்கள் சொல்லும் மடிக்கணினி வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு கிலோவுக்கு மேல் எடை. மெய்ப்புத்தாள் கட்டோடு அதையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் நிற்க முடியவில்லை. இணையம் எனக்கு வீட்டில் போதும். வெளியே வேண்டியது தட்டச்சு மட்டும்.

தெற்குவாசல்:
தட்டச்சு மட்டும் என்றால் சரி, வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள். திருத்தம் வராத உலாவியில் பணம் தொடர்பான எதையும் செய்யக்கூடாது.

கரிசல்மண்:
ஆன்டிஎக்ஸ் பென்டிரைவிலிருந்து ஓடுகிறது. வைஃபை, ஒலி இரண்டும் உண்டு. நிறுவத் தொடங்கினால் வேறு சிக்கல்: சாளரத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடுகிறது. அடுத்து என்ற பொத்தானே கண்ணில் படவில்லை. பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துவிட்டேன்.

நள்ளிரவுவிளக்கு:
600 பிக்சல் உயரத் திரையின் பரம்பரை நோய் இது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாளரத்தின் உள்ளே எங்காவது மௌஸின் இடது பொத்தானால் பிடித்து மேலே இழுங்கள். தலைப்புப் பட்டை திரைக்கு மேலே மறைந்து, அடிப்பகுதி தெரியவரும். ஆன்டிஎக்ஸின் சாளர மேலாளரான ஐஸ்டபிள்யூஎம்மில் இது எந்த அமைப்பையும் மாற்றாமலே வேலை செய்யும். இனி லிப்ரே ஆபிஸின் விருப்பத்தேர்வுப் பெட்டிகளிலும் இதே கதைதான், பழக்கிக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும்போது 2 ஜிபி ஸ்வாப் (ராம் நிரம்பும்போது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) ஒதுக்க மறக்காதீர்கள். 1 ஜிபி ராமில் லிப்ரே ஆபிஸும் உலாவியும் ஒரே நேரத்தில் திறந்தால் அது இல்லாமல் கணினி உறைந்துவிடும்.

கரிசல்மண்:
நிறுவியாயிற்று, நன்றி. எதையும் திறக்காமல் பார்த்தால் ராம் பயன்பாடு 200 எம்பியைத் தொடவில்லை, எனக்கே வியப்பு. ஆனால் இணையம் படுத்துகிறது. வைஃபை இணைந்திருக்கிறது என்கிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை. தொகுப்புகளைப் புதுப்பிக்கச் சொன்னால், வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கிறது. டெபியன் 12-ஐயே கைவிட்டுவிட்டார்களா? வழங்கியின் முகவரியை டெபியன் 13-க்கு மாற்றிப் பார்க்கட்டுமா?

ஆலமரத்தடி:
மாற்றவே வேண்டாம்! 32 பிட் கணினியை வைத்திருப்பவர்கள் 13-க்கு மேம்படுத்தக்கூடாது என்று டெபியனின் வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்குத் தப்பினாலும், அடுத்த கெர்னல் புதுப்பிப்பு என்ற ஒன்று உங்களுக்கு வராது. டெபியன் 12-இன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு, அங்கேயே இருங்கள்.

ஒன்று கேட்கிறேன்: திரையின் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

கரிசல்மண்:
2009 ஜனவரி 1.

ஆலமரத்தடி:
அதுதான். சிக்கல் இணையத்தில் இல்லை, கடிகாரத்தில்.

தளங்களின் சான்றிதழ் ஒவ்வொன்றும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதப்பட்டது. உங்கள் கணினி 2009-இல் நின்றுகொண்டு பார்ப்பதால், எல்லாச் சான்றிதழும் எதிர்காலத்தைச் சேர்ந்ததாகத் தெரிகிறது. தொகுப்புப் பட்டியலும் அப்படியே. இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற சொற்களிலேயே காரணம் இருக்கிறது.

ஆன்டிஎக்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் தேதியும் நேரமும் என்ற இடத்தில் சரியான நேரத்தைக் கொடுங்கள், நேர மண்டலம் கொல்கத்தா. பிறகு வன்பொருள் கடிகாரத்திலும் அதை எழுதச் சொல்லுங்கள். ஆனால் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றினால் நேரம் மறுபடி பின்னோக்கி ஓடிவிடும். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. இத்தனை ஆண்டு உழைத்ததே பெரிது. சில மாடல்களில் அது சாதாரண சிஆர்2032, கையாலேயே மாற்றலாம். சிலவற்றில் இரண்டு கம்பி பற்றவைத்து உறை போட்ட செல் இருக்கும். அதே அளவில், அதே இணைப்பியுடன் வாங்க வேண்டும்.

மெய்ப்பு வேலைக்கு இதைத் தள்ளிப்போடாதீர்கள். தேதி தவறாக இருக்கும்போது சேமிக்கும் கோப்பெல்லாம் 2009 என்று பதிவாகும். எது கடைசித் திருத்தம் என்று பிறகு தேடித் திண்டாடுவீர்கள்.

கரிசல்மண்:
நேரத்தைச் சரிசெய்தவுடன் எல்லாத் தளமும் திறந்துவிட்டது! புதுப்பிப்பும் ஓடுகிறது. செல் நாளை வாங்குகிறேன்.

அடுத்து தமிழ். சில தளங்களில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள். தமிழ்99 தட்டச்சுக்கு என்ன போட வேண்டும்?

நள்ளிரவுவிளக்கு:
எழுத்துருவுக்கு லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் டெபியன் களஞ்சியத்தில் இருக்கின்றன. தொகுப்புகளை நிறுவும் சைனாப்டிக்கில் தேடி நிறுவிவிட்டு உலாவியை மூடித் திறங்கள், கட்டங்கள் மறைந்துவிடும்.

தட்டச்சுக்கு இரண்டு வழி. விசைப்பலகை அமைப்புகளில் இந்தியா என்பதன் கீழ் தமிழ்நெட்99 இருக்கிறது. கூடுதல் மென்பொருள் வேண்டாம், ராமும் செலவாகாது. ஆனால் அதில் ஒரு விசைக்கு ஒரு குறியீடு, அவ்வளவுதான். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அது பார்க்காது. ஆகவே தமிழ்99-இல் பழகியவர்கள் எதிர்பார்க்கும் தானியங்கிப் புள்ளி (மெய்யெழுத்தின் மேல் தானாக விழும் புள்ளி) கிடைக்காது. அம்மா என்று அடிக்கும்போதே விரல் தடுமாறும். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதனுடன் தமிழ்99 தரும் எம்17என் தொகுப்பும்தான் சரி. கொஞ்சம் ராம் தின்னும், தின்றுவிட்டுப் போகட்டும்.

டெர்மினலில் தமிழ் கோணல்மாணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான டெர்மினல்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்குபவை, கொம்பும் காலும் அங்கே ஒழுங்காக உட்காராது. எடிட்டரிலும் லிப்ரே ஆபிஸிலும் சரியாக வரும்.

செங்காந்தள்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இதே அளவில் ஆட்டம் என்455 நெட்புக் இருக்கிறது, 1 ஜிபி ராம். நானும் 32 பிட்தான் போட வேண்டுமா?

ஆலமரத்தடி:
இல்லை, என்450, என்455 இரண்டும் 64 பிட் செயலிகள். உங்களுக்கு டெபியன் 13 ஏறும், ஆன்டிஎக்ஸின் 64 பிட் பதிப்பும் ஏறும். 32 பிட் அமைப்பு ராமைச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். அதற்காக, முடிந்துகொண்டிருக்கும் பாதையில் புதிதாக இறங்க வேண்டாம். ராமை 2 ஜிபி ஆக்கிக்கொண்டு 64 பிட்டிலேயே இருங்கள். ஆனால் ராம் வகை வேறு: என்455-க்கு டிடிஆர்3, கரிசல்மண்ணின் என்270-க்கு டிடிஆர்2. ஒன்றை மற்றொன்றில் செருக முடியாது.

கரிசல்மண்:
ஐபஸில் தமிழ்99 நன்றாக வருகிறது. இரண்டு கேள்வி மிச்சம். லிப்ரே ஆபிஸ் திறக்க ஆகும் நேரத்தில் தேநீர் குடித்துவிடலாம். ராமை மாற்றினால் மாறுமா, ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா? பதிப்பகத்திலிருந்து வரும் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, அவை ஆங்கிலக் குப்பையாகத் தெரிகின்றன.

நள்ளிரவுவிளக்கு:
பாமினி முதலில். அது யூனிகோடு இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்த எழுத்துரு. அந்த எழுத்துருக் கோப்பை உங்கள் முகப்பு அடைவில் புள்ளியில் தொடங்கும் ஃபான்ட்ஸ் என்ற மறைந்த அடைவுக்குள் போடுங்கள், லிப்ரே ஆபிஸில் தமிழாகத் தெரியும். திருத்தத்தையும் பாமினியிலேயே செய்து திருப்பி அனுப்புவதா, யூனிகோடுக்கு மாற்றிவிடுவதா என்பதைப் பதிப்பகத்திடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பக்க வடிவமைப்பாளர் பாமினியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் சண்டை வரும்.

ஆலமரத்தடி:
லிப்ரே ஆபிஸ் திறப்பதில் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி. திறந்த பிறகு பெரிய கோப்பில் திணறாமல் இருக்க ராம். காசு ஒன்றுக்குத்தான் என்றால் எஸ்எஸ்டிக்கே என் வாக்கு. உங்கள் சிப்செட்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் 1.5 கிகாபிட்தான், விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் போகாது. அதனால் இருப்பதிலேயே மலிவான 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும், வேகமானதற்குப் பணம் கொடுப்பது வீண். ஒரு சில நெட்புக்குகளில் ஹார்ட் டிஸ்க்கை எடுக்க விசைப்பலகையையே கழற்ற வேண்டியிருக்கும், முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ராமுக்கு மேல்வரம்பு 2 ஜிபி, பெரும்பாலும் ராம் செருக ஒரே பள்ளம். இருக்கும் 1 ஜிபியை எடுத்துவிட்டு 2 ஜிபி ஒன்றைப் போட வேண்டும்.

தெற்குவாசல்:
சென்னைப் பக்கம் வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிடிஆர்2 கேட்டுப் பாருங்கள், மடிக்கணினிக்கானது என்று சொல்லிக் கேளுங்கள். உள்ளே இருக்கும் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஒட்டியிருக்கும் தாளில் பிசி2 என்று தொடங்க வேண்டும். பிசி3 என்றிருந்தால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், வாங்காதீர்கள். கடையிலேயே செருகி, 2 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நெட்புக்கையும் எடுத்துப் போங்கள், உங்களுக்குத்தான் அது கனமே இல்லையே.