கார்ப் பந்தய சிமுலேட்டருக்கு விஆர் ஹெட்செட்: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது?

பட்டிருப்புப்பாலம் (களுவாஞ்சிக்குடி)

அனைவருக்கும் வணக்கம். லொஜிடெக் ஜி29 ஸ்டீரிங்கும் பெடல்களும், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் காட் பொருத்திய கணினியும் என்னிடம் உள்ளன. 24 அங்குல மொனிட்டரில் அசெட்டோ கோர்சா என்ற கார்ப் பந்தய விளையாட்டும், எப்போதாவது அதன் பின்வந்த கொம்பெட்டிசியோனேயும் ஓடி வருகிறேன். வளைவின் உட்புள்ளி எங்கே இருக்கிறது, பிரேக்கை எந்த இடத்தில் மிதிக்க வேண்டும் என்பதைத் தட்டைத் திரையில் கணிப்பது எனக்குக் கடினமாகவே இருக்கிறது. கண்ணை மறைத்து அணியும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டில் தூரமும் ஆழமும் இயல்பாகவே புரியும் என்று பலர் சொல்வதால், கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வரவிருக்கும் என் மைத்துனர் ஊடாக ஒன்றை எடுப்பிக்கலாம் என நினைக்கிறேன்.

ஆயினும் மூன்று ஐயங்கள் என்னைத் தடுக்கின்றன. என் கணினி அதற்குத் தாக்குப்பிடிக்குமா? பேருந்தில் சிறிது தூரம் போனாலே எனக்குத் தலைச்சுற்று வந்துவிடும், அப்படிப்பட்டவர் இதைப் பாவிக்க முடியுமா? நான் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவன். திரை கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் ஹெட்செட்டுக்குள் கண்ணாடி தேவைப்படாது என்று ஒரு நண்பர் கூறுகிறார், அது சரியா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கல்முனையான்

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் நண்பர் சொல்வது சரியன்று. திரை கண்ணுக்கு அருகில் இருந்தாலும், இடையிலுள்ள வில்லைகள் அந்தப் படத்தை ஒன்றிரண்டு மீற்றர் தொலைவில் இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டுகின்றன. ஆகவே அந்தத் தொலைவில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்க உங்களுக்குக் கண்ணாடி வேண்டுமென்றால், ஹெட்செட்டுக்குள்ளும் வேண்டும். கண்ணாடியோடே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது வில்லையில் உராய்ந்தால் விழும் கீறலை எடுக்க வழியில்லை.

கணினியைப் பொறுத்தவரை, ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். உங்கள் மொனிட்டர் 1920×1080 என்றால் அதில் ஏறத்தாழ 21 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064×2208, இரண்டு கண்களுக்கும் சேர்த்து 91 இலட்சம். குவெஸ்ட் 3எஸ், பழைய குவெஸ்ட் 2 ஆகியவற்றில் ஒரு கண்ணுக்கு 1832×1920, மொத்தம் 70 இலட்சம். 3060 இதைச் சமாளிக்கும், ஆனால் எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்காது.

அப்படியானால் குறைந்த தெளிவுள்ள 3எஸ் போதுமே என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. பணம் இடம் கொடுத்தால் குவெஸ்ட் 3ஐயே எடுங்கள். அதன் பெறுமதி திரையில் இருப்பதைவிட வில்லையில்தான் அதிகம் இருக்கிறது. 3எஸ்ஸிலுள்ள பிரெனெல் வில்லையில் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரியும் என்பதால், பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணை அசைத்தால் போதாது, தலையையே திருப்ப வேண்டும். குவெஸ்ட் 3இன் பான்கேக் வில்லையில் ஓரம் வரை ஏறக்குறைய ஒரே தெளிவு கிடைக்கிறது. விளையாட்டு வரையும் தெளிவைக் கணினியில் குறைத்து வைத்தாலும் அந்த நன்மை குறையாது. 3எஸ் 2024 அக்டோபரில் 299.99 டொலருக்கு வெளியிடப்பட்டது, அப்போது குவெஸ்ட் 3 499.99 டொலர். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் உத்தரவாதமும் அந்த நாட்டோடு நின்றுவிடக்கூடும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

பாவித்ததை வாங்குவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. எச்பி ரிவெர்ப் ஜி2 போன்ற, விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டியை நம்பி இயங்கிய ஹெட்செட்டுகள் சில இடங்களில் ஆச்சரியமான மலிவில் விற்கப்படுகின்றன. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அந்த மென்பொருளையே மைக்ரோசொப்ட் நீக்கிவிட்டது. மலிவுக்குக் காரணம் அதுதான்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

ஹெட்செட் பற்றி மேலே சொல்லப்பட்டதோடு உடன்படுகிறேன். ஆனால் புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விடயம் ஃப்ரேம் வேகத்தின், அதாவது ஒரு செக்கனில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கையின், சீர்மை. மொனிட்டரில் படம் ஒரு கணம் தடுக்கினால் எரிச்சல் மட்டுமே வரும். ஹெட்செட்டில் உங்கள் தலை திரும்பியிருக்கும்போது உலகம் திரும்பாமல் நின்றால் வயிறு உடனே எதிர்ப்புத் தெரிவிக்கும். ஆதலால் படத்தின் அழகைவிட, குறித்த வேகத்தை ஒருபோதும் தவறவிடாமல் இருப்பதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

90 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 90 ஃப்ரேம்களில், ஓடும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு கண்களுக்கும் வரைந்து முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது 11.1 மில்லிசெக்கன், 72 ஹேர்ட்ஸில் 13.9 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்குள் முடியாதபோது, மெட்டாவின் மென்பொருள் விளையாட்டைப் பாதி வேகத்துக்கு இறக்கி, இடைப்பட்ட ஃப்ரேம்களைத் தானே ஊகித்து நிரப்புகிறது. ஊகம் எப்போதும் சரியாக அமைவதில்லை என்பதால், வீதியோரக் கம்பங்களும் தடுப்புவேலிகளும் நீர் போலக் கலங்கித் தெரியும். உங்கள் கிராபிக்ஸ் காட்டுக்கு 72ஐத் தெரிவு செய்து, அதில் அசையாமல் நிற்கும்படி மற்றவற்றைக் குறைப்பதே என் ஆலோசனை. 90 என்று எழுதி வைத்து 45இல் ஓடுவதில் என்ன பெருமை?

குறைக்கும்போது முதலில் நிழல்கள், கண்ணாடிகளில் தெரியும் பிரதிபலிப்பு, பார்வையாளர் கூட்டம், புகை ஆகியவற்றில் கை வையுங்கள். எம்எஸ்ஏஏ எனப்படும் விளிம்பு மென்மையாக்கத்தை மட்டும் இயன்றவரை வைத்திருங்கள், இல்லாவிட்டால் தொலைவிலுள்ள வெள்ளைக் கோடுகள் நெளிந்துகொண்டே இருக்கும். எதிராளிக் கார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பிராசசரின் சுமை. தொடக்கத்தில் தனியாகவோ நாலைந்து கார்களோடோ ஓடிப் பார்த்து, பிறகு கூட்டுங்கள்.

எந்த விளையாட்டில் தொடங்குவது என்பதும் முக்கியம். 2014இல் வெளிவந்த அசெட்டோ கோர்சா, கொன்டென்ட் மனேஜர், கஸ்டம் ஷேடர்ஸ் பட்ச் ஆகிய துணை மென்பொருள்கள் சேர்ந்தால் விஆருக்கு இன்றும் மிக நல்ல தெரிவு. ஓட்டோமொபிலிஸ்டா 2வும் விஆரில் இலகுவாக ஓடுகிறது. கொம்பெட்டிசியோனேயைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். அன்ரியல் என்ஜின் 4 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில் கட்டப்பட்ட அந்த விளையாட்டு விஆரில் கிராபிக்ஸ் காட்டைப் பிழிந்தெடுக்கும். அப்படிப் பிழிந்த பிறகும் தூரத்துக் காட்சி மங்கலாகவே இருக்கும். அதை மட்டும் வைத்து விஆர் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிக் கைவிட்டவர்கள் உண்டு.

இணைப்பைப் பொறுத்தவரை யூஎஸ்பி கேபிளே தொடக்கத்துக்குச் சிக்கலற்றது. கம்பியில்லாமல் பாவிக்க விரும்பினால், கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஈதர்நெட் கேபிள் போட்டு, ஹெட்செட்டை 5 ஜிகாஹேர்ட்ஸ் வைஃபையில் இணைக்க வேண்டும். நம் வீடுகளில் உள்ள 4ஜி ரவுட்டர்களில் 2.4 மட்டுமே உள்ளவையும் இருப்பதால் அதை முன்கூட்டியே பாருங்கள். படம் வீட்டுக்குள்ளேயே போய் வருவதால் இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அறுகம்பைக்காற்று (பொத்துவில்)

தலைச்சுற்றைப் பற்றி யாரும் இன்னும் விரிவாக எழுதாததால் நான் எழுதுகிறேன். மகியங்கனைக்கு அப்பால் கண்டி வீதியின் பதினெட்டு வளைவுகளில் பேருந்து ஏறும்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓங்காளம் வருவது ஏனென்றால், உட்காது அசைவை உணர்கிறது, கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது. விஆரில் இந்த முரண் தலைகீழாக நடக்கிறது: கண்ணுக்குக் கார் மணிக்கு 200 கிலோமீற்றரில் பாய்கிறது, உடலோ கதிரையில் அசையாமல் இருக்கிறது. பேருந்தில் தலைச்சுற்று வருபவருக்கு இதிலும் வர வாய்ப்பு அதிகம்தான். இருந்தாலும் பெரும்பாலானோருக்குச் சிறிது சிறிதாகப் பழகும்போது அது தணிகிறது. பழக்கம் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதன்று. அப்படிப் பொறுத்தால் உடல் அந்த ஹெட்செட்டைக் கண்டாலே வெறுக்கக் கற்றுக்கொள்ளும். நெற்றியில் குளிர்ந்த வியர்வையோ, வாயில் உமிழ்நீர் ஊறுவதோ தொடங்கிய உடனேயே கழற்றிவிட்டு, முற்றாகச் சரியான பின்னரே மீண்டும் அணிய வேண்டும். அன்றைக்குச் சரியாகாவிட்டால் மறுநாள்.

முதல் நாட்களில் அபார்த் 500 போன்ற வேகம் குறைந்த காரை எடுத்து, மஜோனே போன்ற சிறிய ஓடுதளத்தில் நிதானமாகச் சுற்றுங்கள். லகுனா செகா ஓடுதளத்தின் கோர்க்ஸ்குரூ வளைவில் நிலம் திடீரென்று காலடியில் இருந்து நழுவுவதுபோல் இறங்கும் என்பதால் அதையும், மேடு பள்ளம் நிறைந்த நூர்பர்க்ரிங்கின் பழைய சுற்றையும் பின்னுக்கு விடுங்கள். வயிற்றைப் புரட்டுவது வேகத்தைவிட, கடும் பிரேக்கும் கார் தறிகெட்டுச் சுழல்வதும்தான்; சுழலத் தொடங்கினால் கண்களை மூடிக்கொள்ளுங்கள். காருக்கு வெளியிலிருந்து காட்டும் கமராவையும் மறுஒளிபரப்பையும் ஹெட்செட்டில் பார்க்கவே வேண்டாம். கமரா குலுங்கும் அமைப்பை அணைத்து, தொடுவானத்தை நிலையாக வைத்திருக்கும் தெரிவு அந்த விளையாட்டில் இருந்தால் அதை இயக்குங்கள்.

முகத்துக்கு நேரே ஒரு மேசை மின்விசிறியை வையுங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் அது எப்படியும் தேவைப்படும். அதற்கு மேலாக, காற்று ஒரே திசையிலிருந்து படுவது சிலருக்கு ஓங்காளத்தையும் குறைக்கிறது. இஞ்சி போட்ட பிளேன்ரீ உதவுவதாகச் சொல்பவர்களும் உண்டு, குடித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. தலை சற்றுக் கிறங்கியிருக்கும்போது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போகாதீர்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹெட்செட்டின் வில்லைகள் பூதக்கண்ணாடி போலவே வெயிலைக் குவிப்பதால், சிறிது நேரம் நேர்வெயில் பட்டாலே உள்ளேயுள்ள திரையில் ஆறாத பொட்டு விழுந்துவிடும். கடலைப் பார்த்த கிழக்குச் சன்னலோரம் மேசை போட்டிருப்பவர்கள் கழற்றியவுடன் மூடி வைக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வியர்வை ஊறும் துணி மெத்தைக்கு மேல் சிலிக்கன் உறை போடலாம். வில்லையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஸ்பிரிட் படவே கூடாது.

ஏறாவூர்ப்பட்டறை

மாற்றுக் கருத்து ஒன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவரின் குறை தூரத்தைக் கணிக்க முடியாமை. அதில் ஒரு பகுதி, மொனிட்டரில் பார்வைக் கோணத்தைத் தவறாக வைத்திருப்பதாலும் வரலாம். திரையின் அகலத்தையும் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து, அதற்குரிய கோணத்தை விளையாட்டில் கொடுத்து, மொனிட்டரை ஸ்டீரிங்கின் பின்னால் நெருக்கமாக வைத்துப் பாருங்கள். காட்சி குறுகித் தெரிந்தாலும் வளைவுகள் உரிய அளவில் வரும், அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

விஆர் அந்தக் கணக்கே இல்லாமல் உண்மை அளவில் காட்டுகிறது, இரு கண்ணாலும் ஆழம் தெரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட போட்டிகளில் ஓடுபவருக்கு முகத்தில் ஏறும் சூடும், விசைப்பலகையைக் கண்ணால் பார்க்க முடியாமையும் உண்மையான இடைஞ்சல்கள். என்னைக் கேட்டால், வாங்குவதற்கு முன் யாருடையதையாவது இரவல் கேட்டு ஒரு மாலை அணிந்து பாருங்கள்.

பட்டிருப்புப்பாலம்

எல்லோருக்கும் நன்றி. ஏறாவூர் நானா சொன்னபடி கோணத்தை அளந்து மாற்றியபோது, இவ்வளவு நாளும் மிக அகலமாக வைத்திருந்தது தெரிந்தது; இப்போது ஓரளவு முன்னேற்றம் உண்டு, ஆயினும் ஆழம் கிடைக்கவில்லை. ஆகவே ஹெட்செட் எண்ணத்தைக் கைவிடவில்லை. என் மூக்குக்கண்ணாடிச் சீட்டில் இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் 66 மில்லிமீற்றர் என்று உள்ளது. இது தெரிவைப் பாதிக்குமா? விசைப்பலகை தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கல்முனையான்

பாதிக்கும் தம்பி, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். 3எஸ்ஸில் வில்லைகளின் இடைவெளியை 58, 63, 68 என்ற மூன்று நிலைகளில் மட்டுமே வைக்க முடியும். நீங்கள் 63க்கும் 68க்கும் நடுவில் இருக்கிறீர்கள். 68 சற்று அருகில் என்றாலும் பொருந்துவதாகச் சொல்ல முடியாது, பொருந்தாத இடைவெளி கண்ணைக் களைப்பாக்கும். குவெஸ்ட் 3இல் ஒரு சில்லைச் சுழற்றி வேண்டிய அளவில் நிறுத்தலாம். உங்கள் விடயத்தில் இதுவே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது என்பேன்.

விசைப்பலகைக்குத் தீர்வு, அது தேவைப்படாதபடி செய்வதுதான். ஜி29இன் ஸ்டீரிங்கில் பொத்தான்கள் தாராளமாக உள்ளன. அவற்றில் ஒன்றுக்குக் கட்டாயம் இருக்கைநிலையை மீளமைக்கும் கட்டளையைக் கொடுங்கள், ஏனெனில் ஹெட்செட் சற்று நகர்ந்தாலும் நீங்கள் காரின் கூரையிலோ பின் இருக்கையிலோ உட்கார்ந்திருப்பதாகக் காட்டும். இடைநிறுத்தம், பிட் எனப்படும் கார்ப் பராமரிப்பிடத்துக்குத் திரும்புதல் ஆகியவற்றை மற்ற இரண்டுக்குக் கொடுத்தால் போதும். கதிரையில் சில்லு இருந்தால் அதையும் ஏதாவது கொடுத்து அசையாமல் நிறுத்துங்கள். பிரேக்கை மிதிக்கும்போது கதிரை பின்னால் ஓடுவது ஹெட்செட்டுக்குள் இருக்கையில் நல்ல அனுபவமன்று.

கண்ணாடிக்குப் பதிலாக ஹெட்செட்டின் வில்லை மேல் பொருத்தும் பவர் வில்லைகளைச் செய்து தருகிறார்கள். அவை ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் வேறு வேறு வடிவம் என்பதால், மைத்துனர் எந்த மொடலை வாங்குகிறார் என்பது உறுதியான பின்னர் அதற்கு ஓடர் கொடுங்கள். அந்தச் சீட்டு பழையது என்றால், அதற்கு முன் கண்ணை ஒரு தடவை மீண்டும் சோதிப்பிப்பது நல்லது.