கிளீட் ஷூ: விழுந்தவர்கள், வீங்கியவர்கள், மாறியவர்கள்
(நான்கு சைக்கிள்காரர்கள், அவரவர் புனைபெயரில்)

எதிர்க்காற்று:
பெடலும் ஷூவும் வாங்கி நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோடு பைக் வாங்கிய மாதமே, ரேஸ்காரர்கள் போடுகிற மூன்று போல்ட் ஷூவும் அதற்கான எஸ்பிடி-எஸ்எல் வகைப் பெடலும் வாங்கிவிட்டேன். ஷூவின் அடியில் அந்த போல்ட்டுகளால் மாட்டி, பெடலில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் துண்டுதான் கிளீட். டிவியில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பார்த்த கோளாறு.

முதல் ஞாயிறு, காலை ஐந்தரை, திருவான்மியூர் சிக்னல். சிவப்பு விழுந்தது, பிரேக் பிடித்தேன், வண்டி நின்றது. கால் மட்டும் வரவில்லை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் 'டொக்' என்று கழன்றுவிடும். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது தடவை செய்து பார்த்ததுதான். பதறும்போது காலுக்கு அதெல்லாம் நினைவிருக்கிறதா? பழக்கப்படி மேலே இழுக்கிறது. வெட்டிய வாழை மாதிரி இடப்பக்கம் சாய்ந்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், காலை ஊன மாட்டீங்களா?" என்றார். முழங்கைச் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

அதே நாள் கோவளத்தில் டீ குடிக்க இறங்கினால் அடுத்த சோதனை. அந்த கிளீட் அடிப்பாகத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஈரமான டைல்ஸ் தரையில் வாத்து நடை நடந்து, கிளாஸை வாங்கி, திரும்பி வருவதற்குள் பாதி டீ கையில்.

இப்போது நான் போடுவது கிளீட்டை இரண்டே போல்ட்டில் மாட்டும் எஸ்பிடி வகை. கிளீட் ரப்பர் அடிப்பாகத்துக்குள் பதுங்கிக் கிடப்பதால் செருப்புப் போட்ட மாதிரி நடக்கலாம். 3 மி.மீ. ஆலன் கீயால் பெடலின் பிடியையும் முழுக்கத் தளர்த்திவிட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்எச்56 கிளீட் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் சாய்வாக மேலே இழுத்தாலும் கழன்று வரும்.

இருநூறு:
எனக்கு விழுகிற பிரச்சினை இல்லை, பாத எரிச்சல்தான். முதல் 200 கி.மீ. பிரெவே, அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். பதின்மூன்றரை மணி நேரக் கெடு. பாண்டிச்சேரி ரோட்டில் 120 கி.மீ. தாண்டியதும் கட்டை விரலுக்குக் கீழே நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது, பிறகு மரத்தே போய்விட்டது. ஒரு புளியமரத்தடியில் ஷூவைக் கழற்றிப் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி போட்டால் நுழையவில்லை.

தப்பு என்னுடையது. காலையில் கடைக்குப் போய், கால் சிக்கென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன். நம் ஊர் வெயிலில் பாதம் வீங்காமல் என்ன செய்யும்? இப்போது ஷூ வாங்குவது சாயங்காலம்தான், ஓட்டும்போது போடும் சாக்ஸோடு. முன்விரல்கள் விரிய இடம் இருக்க வேண்டும், குதிகால் மட்டும் தூக்கக் கூடாது. கிளீட்டையும் 5 மி.மீ. போலக் குதிகால் பக்கம் தள்ளினேன். எரிச்சல் பெரும்பாலும் போய்விட்டது. ஷூ காலுக்குச் சரியாக அமைந்த பிறகு பெடலைப் பற்றி யோசித்தால் போதும் என்பது என் கட்சி.

மேட்டுப்பாளையம் பக்கம்:
கிளிப்லெஸ் என்ற பெயரைப் பார்த்து நான் முதலில் குழம்பிப்போனேன். மாட்டிக்கொள்கிற பெடலுக்கு எப்படி அந்தப் பெயர்? பழைய காலத்தில் விரலை நுழைக்கும் கூண்டும் வாரும் இருந்தனவே, அந்த கிளிப் இல்லாதது என்று அர்த்தமாம். பனிச்சறுக்குக் காலணியைப் பூட்டும் கொக்கி செய்துவந்த பிரெஞ்சு நிறுவனம் லுக், 1984-இல் அதையே சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்ததும் மற்றவர்களும் வாரைக் கழற்றிப் போட்டார்கள்.

சரி, என் கூத்துக்கு வருகிறேன். என் வண்டி சிவப்பு. பொருத்தமாக இருக்கட்டும் என்று பெடலோடு வந்த மஞ்சள் கிளீட்டைக் கழற்றிவிட்டுத் தனியாகச் சிவப்பு வாங்கி மாட்டினேன். கோத்தகிரி ஏற்றம் இரண்டு தடவை ஏறியதும் வலது முழங்காலின் உள்பக்கம் குத்த ஆரம்பித்தது. அப்புறம்தான் தெரிந்தது, எஸ்பிடி-எஸ்எல்லில் அந்த நிறம் அழகுக்கு இல்லை. மஞ்சளில் பாதம் 6 டிகிரி அசையும், நீலத்தில் 2, சிவப்பில் துளியும் அசையாது. என் வலது பாதம் இயல்பாகவே கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும். அதைப் பிடித்து நேராகக் கட்டிப்போட்டால் முழங்கால்தானே வாங்கிக்கொள்ளும்? மஞ்சளுக்குத் திரும்பினேன். வண்டி அசிங்கமாக இருக்கிறது, முழங்கால் நன்றாக இருக்கிறது.

என்னோடு ஏறுகிற ஒருவர் முள் வைத்த அகலப் பெடலில் சாதாரண கேன்வாஸ் ஷூவோடுதான் வருவார். ஏற்றத்தில் எனக்கு முன்னால் போய் நின்று கடலை கொறித்துக்கொண்டிருப்பார். ரேஸில் எழுந்து நின்று முழு மூச்சாக மிதிக்கும்போது கால் நழுவாமலிருக்க கிளீட் வேண்டும், மறுக்கவில்லை. மற்றபடி அவரைப் பார்த்தால் எனக்கு வாய் அடைத்துவிடும்.

பின்சக்கரம்:
பெடல் மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கமான திசையில் சுற்றினால் இறுகத்தான் செய்யும். நான் 15 எண் ஸ்பேனருக்கு ஒரு இரும்புக் குழாயை மாட்டி, ஏறி நின்று, அரைமணி நேரம் இறுக்கியிருக்கிறேன். கடைசியில் தெருமுனை சைக்கிள் கடைப் பையன் வந்து எதிர்ப்பக்கம் ஒரு தட்டுத் தட்டிக் கழற்றினான். காசு வேண்டாம் என்றான், சிரித்துக்கொண்டே.