நிலா கண்ணுக்குத் தெரிகிறது, போனில் மட்டும் வெள்ளை உருண்டை: உதவி தேவை

கேள்வி (பெரம்பூர்)

வணக்கம். தொலைநோக்கி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. 114 மி.மீ. கண்ணாடி வைத்த நியூட்டோனியன் வகை, குவியத் தூரம் 900 மி.மீ. கூடவே 25, 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இரண்டு வந்தன. மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால் நிலாவின் பள்ளங்கள் அத்தனை அழகாகத் தெரிகின்றன. போனை ஐபீஸில் வைத்துப் படம் எடுத்தால் மட்டும் எரிகிற பல்பைப் பிடித்த மாதிரி வெறும் வெள்ளை. பௌர்ணமியன்று நாற்பது படமாவது எடுத்திருப்பேன், ஒன்றிலும் ஒரு பள்ளம்கூட இல்லை. நைட் மோட் போட்டால் இன்னும் மோசம். என் பாட்டிக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. அவருக்குக் காட்டத்தான் கேட்கிறேன். போன் சரியில்லையா, நான் செய்வது தப்பா?

பதில் (தாம்பரம்)

போன் நன்றாகத்தான் இருக்கிறதும்மா. நைட் மோடை முதலில் அணைத்துவிடுங்கள். நமக்கு இரவு என்றாலும் நாம் பார்க்கும் நிலாத் தரை நல்ல வெயிலில் கிடக்கிறது. மாடியில் காயும் வடாமைப் படம் எடுப்பதுபோலத்தான் அதை எடுக்க வேண்டும். போனோ சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து ஒளி போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போகிறது.

போன் கேமராவில் புரோ மோட் (அளவுகளை நாமே வைக்கும் வசதி) இருந்தால் 25 மி.மீ. ஐபீஸில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/500 நொடி என்று தொடங்குங்கள். வெளுத்தால் 1/1000. 10 மி.மீ. போட்டால் உருப்பெருக்கம் 36 மடங்கிலிருந்து 90 மடங்காகிவிடும். அதே ஒளி பரந்து விழுவதால் நேரத்தை 1/250 அளவுக்குக் கூட்ட வேண்டியிருக்கலாம். புரோ மோட் இல்லையென்றால் திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

இன்னொன்று, பள்ளம் வேண்டுமென்றால் பௌர்ணமி வேண்டாம். அன்று வெயில் நம் முதுகுப் பக்கத்திலிருந்து நேராக அடிக்கிறது, நமக்கு நிழலே தெரியாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டி எடுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீளமாக நிழல் போடும். டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாகல் என்று மூன்று பெரும் பள்ளங்கள் வரிசையாக நிற்பதை அப்போது பார்க்கலாம். டாலமேயஸ் மட்டுமே சுமார் 154 கி.மீ. அகலம். அன்று பொழுது சாயும்போதே நிலா உச்சியில் இருக்கும். வானம் முழுதும் கறுக்கும் முன்பே ஆரம்பித்தால் போனும் அவ்வளவு குழம்பாது.

பதில் (மயிலாப்பூர்)

கையில் பிடித்து எடுக்காதீர்கள். போனைக் கவ்விப் பிடிக்கும் அடாப்டர் மாட்டி, 3 நொடி டைமர் வையுங்கள். திரையில் பாதி கறுப்பாகப் போனால் கேமரா லென்ஸ் ஐபீஸின் நடுவில் இல்லை என்று அர்த்தம், மெல்ல நகர்த்துங்கள். நிலா இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும். அதனால் 25 மி.மீ.-லிலேயே பழகுங்கள்.

கேட்டவர்

நேற்று அஷ்டமி. 1/500-இல் வெள்ளை போய்விட்டது, நன்றி. ஆனால் படம் முழுக்கப் பாலாடை படிந்த மாதிரி இருக்கிறது. இந்த முறை கண்ணால் பார்த்தாலும் மங்கல்தான். எத்தனை திருகியும் ஃபோகஸ் நிற்கவில்லை. வானத்தில் மேகம் இல்லை.

பதில் (தாம்பரம்)

கண்ணுக்கும் மங்கல் என்றால் இது வேறு விஷயம். தொலைநோக்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்

முன்பு ஹாலில் இருந்தது. அக்கா பையன் தொடுகிறான் என்று போன வாரம்தான் படுக்கையறைக்கு மாற்றினோம். ஏசி ஓடும் அறை.

பதில் (தாம்பரம்)

அதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பது போலக் கண்ணாடி வியர்த்திருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஜில்லென்ற கண்ணாடியைக் கண்டால் உடனே படிந்துவிடும். தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியின் முகத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கிறது, துணி பட்டால் கீறல் விழும். மறுபடி ஹாலுக்கே மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு மணி நேரம் முன்பே மூடிகளைக் கழற்றாமல் மாடியில் வைத்துவிடுங்கள். ஐபீஸ்களையும் டப்பாவோடு.

பகல் முழுக்கக் காய்ந்த தளத்திலிருந்து சூடு எழும்பினால் நிலா கானல் போல நெளியும். அதற்கு ஒரே படத்தை நம்பாமல் அடுத்தடுத்து நிறைய எடுத்து, நெளியாத ஒன்றைப் பொறுக்க வேண்டியதுதான்.

கேட்டவர்

இன்று ஹாலிலிருந்து எடுத்துப் போனேன். அறுபது படத்தில் நான்கு அருமையாக வந்திருக்கின்றன! மூன்று பள்ளங்களில் நடுவிலிருப்பதற்குள் குட்டியாக ஒரு மேடுகூடத் தெரிகிறது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அப்புறம், "வடை சுடுகிற பாட்டி எங்கே?" என்று கேட்டார். முழுதாகக் காட்ட முடியுமா?

பதில் (மயிலாப்பூர்)

முடியும். அதற்குத்தான் பௌர்ணமி. பாட்டி உருவமாக நாம் பார்க்கும் கறுப்புத் திட்டுகள் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த சமவெளிகள். நிழலால் வருவதல்ல, பாறையின் நிறமே அது. நேர் வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். ஆனால் அரை நிலாவைவிட முழு நிலா ஏறக்குறைய பத்து மடங்கு பிரகாசம், இரண்டு மடங்கு அல்ல. 25 மி.மீ. ஐபீஸில் 1/2000-இல் தொடங்கி, தேவைப்பட்டால் நேரத்தை இன்னும் குறையுங்கள். படம் தலைகீழாக வரும், பாட்டியிடம் காட்டும் முன் திருப்பிவிடுங்கள்.