சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தையோடு வெயில் காலப் பயணம்: நெபுலைசர், தண்ணீர், உப்பு

பாலக்கோடு அம்மா:
மகளுக்கு 6 வயசுங்க, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி சேருற பரம்பரை நோய்) இருக்கு. மே மாசம் பெங்களூருக்கு பஸ்ஸில் செக்கப் போறோம், அப்புறம் பென்னாகரத்தில் சொந்தக்காரங்க வீட்டில் தங்கணும். அங்கே நெபுலைசரை (மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கிற கருவி) எப்படிச் சுத்தம் பண்றது? ஒகேனக்கல் கூட்டிப் போகலாமா?

நுரையீரல் பிசியோ:
ஒவ்வொரு தடவை மருந்து இழுத்ததும் கப், மூடி, மவுத்பீஸ் எல்லாத்தையும் கழற்றி சோப்புத் தண்ணியில் கழுவுங்க. பிறகு தனிப் பாத்திரத்தில் முழுசா மூழ்கவிட்டு, கொதி வந்ததுக்கு அப்புறம் 5 நிமிஷம் கொதிக்க விடுங்க. உங்க மாடலைக் கொதிக்க வைக்கலாமான்னு கையேட்டில் முதலில் பாருங்க. ட்யூபைக் கொதிக்க வைக்காதீங்க. நிறைய பேர் கோட்டை விடுறது இதுக்கு அப்புறம்தான்: கொதித்ததை எடுத்துக் குழாய்த் தண்ணியில் அலசுறாங்க. போன சூடோமோனாஸ் (ஈரத்தில் வளர்ந்து நுரையீரலைத் தாக்குற பாக்டீரியா) திரும்ப வந்துடும். அலசவே வேண்டாம், சுத்தமான துணியில் பரப்பி, முழுக்கக் காய்ந்த பிறகு டப்பாவில் போடுங்க. ஈரத்தோட மூடினா கிருமி வளரும். கொதிக்க வைக்கிறதுக்குப் பதிலா வினிகர் போதாது.

செக்கப் இடத்தில் இதே நோய் உள்ள வேற குழந்தை இருந்தா இரண்டு பேருக்கும் நடுவில் 6 அடியாவது இருக்கணும், மாஸ்க்கோட. ஒருத்தர் நுரையீரலில் தங்கின கிருமி இன்னொருத்தருக்கு ரொம்ப ஆபத்து. பாவம், பிள்ளைங்க சேர்ந்து விளையாட ஆசைப்படும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

மருந்தாளுநர், கிருஷ்ணகிரி:
வெயிலையும் கவனிங்கம்மா. இந்த நோய் உள்ளவங்க வேர்வையில் உப்பு அதிகமாப் போகும், வெறும் தண்ணி மட்டும் குடுத்தா ரத்தத்தில் சோடியம் இறங்கிடும். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்னா ஒரு லிட்டர், சின்னதுன்னா 200 மில்லி, கொதிச்சு ஆறின தண்ணியில். ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிடுங்க. வாந்தி, சோர்வு, தசைப்பிடிப்பு வந்தா உடனே ஆஸ்பத்திரி.

டோர்னேஸ் மருந்து (சளியை இளக்க நெபுலைசரில் போடுறது) இருந்தா ஐஸ் பெட்டியில் வைங்க, ஐஸ் மேலேயே வைக்காதீங்க; உறைஞ்சா வீண். சாப்பாடு செரிக்கக் குடுக்கிற என்சைம் மாத்திரையைப் பூட்டின காரில் விடாதீங்க, சூட்டில் வீரியம் போயிடும்.

நுரையீரல் பிசியோ:
ஒகேனக்கல்ல தள்ளி நின்னு அருவி பார்க்கட்டும். பாறைக்குழியில் தேங்கின தண்ணியில் இறக்காதீங்க, சூடோமோனாஸ் அங்கேதான் குடியிருக்கும். சொந்தக்காரங்க வீட்டில் மாட்டுத் தொழுவம், எருக்குழி, பழைய வைக்கோல் பக்கமும் வேண்டாம். அந்தத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும்.

பாலக்கோடு அம்மா:
பஸ்ஸில் பக்கத்தில் யாராவது இருமினா?

நுரையீரல் பிசியோ:
ஜன்னல் திறக்கிற பஸ்ஸா பாருங்க, மாஸ்க் போட்டு சீட் மாத்திக் கேளுங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே நெபுலைசரும் சளி எடுக்கிற பயிற்சியும் முடிச்சிடுங்க.